எருக்குழிப் புழு முதல் காஸ்டிக் சோடா வரை: கொம்பு வண்டின் ஓட்டைப் பிரித்துப் பார்த்த பதிவு

"பூச்சியின் புறச்சட்டகம் கைட்டினால் ஆனது, அதனால் கடினமாக இருக்கிறது." பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எழுதி மதிப்பெண் வாங்கிய வரி. கைட்டின் என்பது பூச்சியின் தோலில் இருக்கும் ஒரு வகை இழைப்பொருள். முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதியில் எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். கம்பளிப்பூச்சியின் தோலிலும் கைட்டின் இருக்கிறது, அதைத் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. அப்புறம் வண்டுக்கு மட்டும் அந்த இறுக்கம் எங்கிருந்து வருகிறது? இதைக் கண்ணால் பார்த்துவிடுவதற்காகத்தான் தென்னைக்கு எமனான காண்டாமிருக வண்டை வளர்த்தேன். பொள்ளாச்சிப் பக்கம் இதற்குக் கொம்பு வண்டு என்றும் பெயர் உண்டு.

இந்த வண்டைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் இருந்தன. பெரியது, 4 செ.மீ. நீளம் சர்வசாதாரணம். காசு கொடுக்காமல் கிடைக்கும். தென்னங்குருத்தைக் குடைந்து, விரியும் மட்டையை விசிறி போல வெட்டிவிடுகிற ஜந்து என்பதால் கொல்லும்போது மனசு உறுத்தாது. இன்னொரு காரணமும் உண்டு. 1823இல் ஓகுஸ்ட் ஓடியே என்ற பிரெஞ்சுக்காரர் ஐரோப்பாவின் மே வண்டுடைய ஓட்டிறகுகளை (முதுகை மூடியிருக்கும் கடினமான முன்னிறகுகள்) காரத்தில் வேகவைத்து, கடைசியில் கரையாமல் நின்ற பொருளுக்குக் கைட்டின் என்று பெயர் வைத்தார். மே வண்டும் நம் கொம்பு வண்டும் ஒரே குடும்பம். அவர் செய்ததையே நம் ஊர் வண்டில் செய்து பார்க்கலாமே என்று தோன்றியது.

புழு கிடைக்கும் இடம் எருக்குழி. மக்கிய சாணத்தை ஒரு முழம் கிளறினால் போதும், 'சி' எழுத்து போல வளைந்த தடித்த வெள்ளைப் புழுக்கள் உருளும். ஆனால் குப்பையில் கிடைக்கும் வெள்ளைப் புழு எல்லாம் கொம்பு வண்டுப் புழு இல்லை. தரையில் விட்டுப் பாருங்கள். மல்லாந்து படுத்து முதுகால் ஊர்ந்து போனால் அது பூவண்டுப் புழு, அதைத் திருப்பிக் குழியிலேயே போட்டுவிடலாம். நமக்கு வேண்டியது பக்கவாட்டில் சுருண்டு கிடப்பது. நான் பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த மாமா, "அதப் போயி ஊட்டுக்குள்ள கொண்டு போறீங்களா மாப்ள? கோழிக்குப் போடுங்க, ஒரு புண்ணியமாவது கெடைக்கும்" என்றார். பாதியைக் கோழிக்கே கொடுத்தேன்.

வளர்ப்பது சுலபம். பழைய பெயிண்ட் வாளி, மூடியில் ஆணியால் துளைகள், உள்ளே அதே எருக்குழியின் பாதி மக்கிய சாணம். ஈரம் முக்கியம்: கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. புழுப் பருவம் 3 முதல் 6 மாதம் வரை போகும் என்பதால், பொறுமை இல்லாதவர்கள் விரல் தடிமனுக்கு வளர்ந்துவிட்ட கடைசிப் பருவப் புழுக்களை எடுப்பது நல்லது. நான் சின்னவற்றையும் சேர்த்தே எடுத்தேன். தோலுரிப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது.

சிறிய புழுக்களிடம்தான் முதல் பாடம் கிடைத்தது. புழுவின் உடம்பு மெத்தென்று இருந்தாலும் தலை மட்டும் கரும்பழுப்பாக, நகத்தால் தட்டினால் டக்கென்று சத்தம் வரும் அளவுக்கு இறுகியிருக்கும். உடம்புத் தோல் நீண்டு கொடுக்கும், அதனால் தின்னத் தின்ன உடம்பு பெருக்கும். தலை ஓடு அப்படிப் பெருக்காது. தோலுரிக்கும்போதுதான் ஒரே தாவலில் அடுத்த அளவுக்குப் போகும். கடைசிப் பருவத்தில் தலையின் அகலம் சுமார் 1 செ.மீ. (கம்பளிப்பூச்சிகளின் தலை ஒவ்வொரு தோலுரிப்பிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பெருக்கிறது என்று 1890இல் ஹாரிசன் டயர் எழுதினார். பூச்சி வளர்ப்பவர்கள் பருவத்தைக் கணிக்க இன்றும் தலையைத்தான் அளக்கிறார்கள்.) தோலுரித்த உடனே பார்த்தால் சுருங்கிய உடம்பும் அதற்குப் பொருந்தாத பெரிய தலையுமாக வேடிக்கையாக இருக்கும். அந்தத் தலை அப்போது பால் வெள்ளை. கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, மறுநாள் பழுப்பாக நிற்கும். ஒரே புழு, ஒரே சமயத்தில் உண்டான தோல். தலைப் பகுதி இறுகுகிறது, உடம்புப் பகுதி இறுகவில்லை. கைட்டின் இரண்டிலும் இருக்கிறது.

வளர்க்கும்போது ஒரு புழு செத்துப்போனது. உடம்பு விறைத்து, முதலில் வெள்ளைப் பூசணம் படர்ந்து, பிறகு கரும்பச்சையாக மாறியது. தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த காட்சி. எருக்குழியில் தெளிக்கச் சொல்லி வேளாண் துறையினர் பரிந்துரைக்கும் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சை. புழுவை எடுத்த குழியில் அது ஏற்கெனவே இருந்திருக்கிறது. அந்தப் புழுவை உடனே தனியே எடுத்து, வாளியைக் கழுவி, புது எரு போட்டேன். இந்தப் பூஞ்சையின் வேலைமுறை நம் கேள்விக்கு நேராகத் தொடர்புள்ளது. அதன் வித்து புழுவின் தோலில் ஒட்டிக்கொண்டு முளைத்து, நொதிகளைச் சுரந்து துளை போடுகிறது. முதலில் வருவது புரதத்தைக் கரைக்கும் நொதி, கைட்டினைக் கரைக்கும் நொதி அதன் பிறகுதான். ஏனென்றால் கைட்டின் இழைகள் புரதத்துக்குள் புதைந்திருக்கின்றன. ஓட்டின் கட்டுமானம் நமக்குத் தெரிவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூஞ்சைக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, மிச்சம் இருந்தவை. நன்றாக வளர்ந்த புழு ஒரு கட்டத்தில் தின்பதை நிறுத்தி, வயிற்றில் இருப்பதையெல்லாம் கழித்து, மஞ்சளாகித் தொளதொளத்துப் போகும். எருவை அழுத்தி முட்டை வடிவ அறை ஒன்றை உண்டாக்கி அதற்குள் படுத்துவிடும். இந்தச் சமயத்தில் தொடவே கூடாது. கூட்டுப்புழுவாக மாறி அதன் தோல் பழுப்பாக இறுகிய பிறகு மெதுவாக எடுக்கலாம். கல்யாண மேடையில் பூ குத்த வைக்கும் பச்சை ஸ்பாஞ்ச் இருக்கிறதல்லவா, அதில் கரண்டியால் பள்ளம் குடைந்து, தண்ணீரில் நனைத்து, தலைப்பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கும்படி கூட்டுப்புழுவைப் படுக்க வைத்தேன். மேலே கண்ணாடித் தட்டு. இனி எல்லாவற்றையும் நேராகப் பார்க்கலாம்.

பழைய அறையில் கிடந்த சட்டையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அவ்வளவு பெரிய புழுவின் தோல், வெங்காயச் சருகைவிட மெலிதாகக் கசங்கிக் கிடக்கும். பழைய தோலின் உட்பகுதி முழுவதையும், தோலுரிப்பதற்கு முன்பே பூச்சி கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. எக்டைசோன் ஹார்மோன் உத்தரவு கொடுத்ததும் தோல் செல்கள் பழைய ஓட்டிலிருந்து விலகும். அந்த இடைவெளியில் செரிப்பு நீர் சுரக்கும். அது வேலையைத் தொடங்குவதற்குள், அடியில் புது ஓட்டின் மெழுகும் புரதமும் கலந்த மேல்படலம் போடப்பட்டிருக்கும், இல்லையென்றால் புது ஓடும் சேர்ந்து கரைந்துவிடும். கரைந்த சரக்கு திரும்ப உள்ளே போய்ப் புது ஓட்டுக்கு மூலப்பொருள் ஆகிறது. இறுகிப்போன வெளிப்பகுதியை மட்டும் அந்த நீரால் கரைக்க முடியாது. நாம் கையில் எடுக்கும் சட்டை அதுதான். விளக்குக்கு எதிரே பிடித்தால் உட்பக்கம் வெள்ளை நூல்கள் தொங்குவது தெரியும். அவை மூச்சுக்குழல்களின் உள்பூச்சு. பூச்சி தோலுரிக்கும்போது மூச்சுக்குழலின் சட்டையையும் சேர்த்துத்தான் கழற்றுகிறது. (இந்த எக்டைசோனை 1954இல் புட்டெனான்ட்டும் கார்ல்சனும் முதன்முதலில் படிகமாகப் பிரித்தெடுத்தபோது, 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுவிலிருந்து கிடைத்தது 25 மில்லிகிராம்.)

கூட்டுப்புழு சுமார் 3 வாரம் அசையாமல் கிடக்கும். கடைசி நாட்களில் மெல்லிய தோலுக்கு அடியில் கண், கொம்பு, கால்கள், தாடை எல்லாம் கருத்துக்கொண்டே வருவது தெரியும். வெளியே வருவதற்கு முன்பே அவை இறுகிவிட வேண்டும், வண்டு கால் ஊன்றித்தானே சட்டையைக் கழற்ற முடியும். ஓட்டிறகு மட்டும் வெளுப்பாகவே இருக்கும். அது இன்னும் விரிய வேண்டியிருக்கிறது. இறுகிய பிறகு எதுவும் விரியாது.

வெளிவந்தது ஓர் இரவில். முதுகுத் தோல் தலைக்குப் பின்னால் நீளவாக்கில் பிளந்தது. கால்களை உதைத்து உதைத்துச் சட்டையை வால் பக்கம் தள்ளியது. தலையும் மார்பும் கருஞ்சிவப்பு. அதற்குப் பின்னால் இரண்டு ஓட்டிறகுகள், சுத்த வெள்ளை, ஈரம் மினுங்க, சுருக்கங்களோடு. உடம்பு அழுத்தம் கொடுத்து இரத்தத்தை அவற்றுக்குள் தள்ளத் தள்ள, சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நீவப்பட்டு முழு வடிவம் வந்தது. பின்னிறகுகளைப் பின்னால் நீட்டி உலர்த்தியது. ஈரத் தூரிகையால் ஓட்டிறகை லேசாகத் தொட்டேன், பள்ளம் விழுந்து திரும்ப எழுந்தது. அடுத்த சில மணி நேரத்தில் விளிம்பிலும் நடுக்கோட்டிலும் இளமஞ்சள் படர்ந்தது, பிறகு ஆரஞ்சு, விடியும்போது செம்பழுப்பு. கருப்பாவதற்கு மேலும் சில நாட்கள்.

இந்த நேரத்தில் உள்ளே நடப்பது இதுதான். சட்டை கழன்றதும் நரம்பு மண்டலத்திலிருந்து பர்சிகான் என்ற ஹார்மோன் இரத்தத்தில் இறங்குகிறது. 1962இல் ஃபிராங்கெலும் சியாவும் இதைக் கண்டுபிடித்த விதம் எளிமையானது. புதிதாகப் பிறந்த ஈயின் கழுத்தை நூலால் இறுக்கிக் கட்டிவிட்டால், தலையிலிருந்து செய்தி வராமல் உடம்பு வெளிறி மெத்தென்றே கிடந்தது. கட்டாத ஈயின் இரத்தத்தை அதற்குள் செலுத்தியதும் கருத்து இறுகியது. செய்தி வந்ததும் தோல் செல்கள் சேமித்து வைத்த டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டோப்பாவாகவும், டோப்பமைனாகவும் மாற்றுகின்றன. ஆமாம், நம் மூளையில் வேலை செய்யும் அதே டோப்பமைன். அதன் ஒரு முனையில் சின்ன மூடி ஒன்றைப் போட்டு ஓட்டுக்குள் அனுப்புகின்றன. அங்கே லக்கேஸ் என்ற நொதி காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு அதைக் குயினோன் ஆக்குகிறது. குயினோன் சும்மா இருக்காது. பக்கத்தில் உள்ள புரதங்களைப் பிடித்து ஒன்றோடொன்று கோத்துவிடும். கோக்கக் கோக்க நடுவில் இருந்த தண்ணீர் வெளியேறி, புரதம் நெருங்கி, ஓடு இறுகும். கூடவே நிறமும் வருகிறது. எந்த மூடியைப் போட்டு அனுப்பியது என்பதைப் பொறுத்து ஓடு வெளிறியோ பழுப்பாகவோ இருக்கும், மூடி போடாத டோப்பமைன் கருப்பு நிறமியாகும்.

ஆவாரம் பட்டைத் தொட்டியில் ஆட்டுத்தோல் பதமாவதும் இந்த வகை வேலைதான். பட்டையின் சாறு தோல் புரதத்தைப் பிணைத்து, அழுகும் தோலை அழுகாத செருப்பாக மாற்றுகிறது. பிணைப்பின் வகை மட்டும் வேறு, வண்டில் உள்ளது இன்னும் வலுவானது. 1940இல் மார்க் பிரையர் கரப்பான் பூச்சியின் முட்டைப்பெட்டியை ஆராய்ந்து இந்தக் குயினோன் விளக்கத்தைச் சொன்னபோது, அவரும் அதற்குத் தோல் பதனிடுதல் என்றுதான் பெயரிட்டார். அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2005இல் அதற்கு உறுதியான சான்று வந்தது. அதைக் கொடுத்தது நம் வீட்டு ரவை டப்பாவில் வந்து விழும் சிவப்பு மாவு வண்டு. அதன் லக்கேஸ் மரபணுக்களில் ஒன்றை அடக்கிவிட்டார்கள். வண்டு பிறந்தது, ஆனால் ஓடு நிறம் பிடிக்காமல், இறுகாமல் கிடந்து செத்தது. கைட்டினை யாரும் தொடவில்லை.

நிறம் வந்துவிட்டதே என்று வண்டைக் கையில் எடுத்துவிட வேண்டாம். கொம்பு வண்டு பிறந்த பிறகும் 2 முதல் 3 வாரம் அறையை விட்டு நகராது. அந்த நாட்களில் ஓட்டின் அடிப்பக்கத்தில் அடுக்கு மேல் அடுக்காகக் கைட்டினும் புரதமும் போட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் இழைகளின் திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், அதனால் விரிசல் ஒரே நேராக ஓட முடியாது. இறந்த வண்டு ஒன்றின் ஓட்டிறகைக் குறுக்கே ஒடித்து ஃபோல்ட்ஸ்கோப்பில் பார்த்தேன். அடுக்கின் இழைகளைக் காட்டும் திறன் அந்தக் காகித நுண்ணோக்கிக்கு இல்லை, ஆனால் வேறொன்று தெளிவாகத் தெரிந்தது. ஓட்டிறகு ஒற்றைத் தகடு இல்லை. மேல்தகடு, கீழ்த்தகடு, நடுவில் வெற்றிடம், இரண்டையும் தாங்கிக் குட்டிக் குட்டித் தூண்கள். மேல்தகட்டின் மேல்விளிம்பு கருப்பு, அதற்குக் கீழே வெளிறிய பகுதி. பதமான பகுதியும் பதமாகாத பகுதியும் ஒரே வெட்டில்.

இனி வேதியியல் பக்கம். முதல் சோதனை வினிகர். மீன் மார்க்கெட்டில் வாங்கிய நண்டின் கொடுக்கு ஓட்டை ஒரு கண்ணாடி பாட்டிலிலும், கொம்பு வண்டின் ஓட்டிறகை இன்னொன்றிலும் போட்டு, கடை வெள்ளை வினிகரை ஊற்றினேன். நண்டு ஓட்டில் உடனே குமிழிகள். வினிகரை மாற்றி மாற்றி ஊற்றினால் ஓரிரு நாளில் கொடுக்கு ஓடு ரப்பர் மாதிரி வளையும். வண்டின் ஓட்டில் ஒரு குமிழி இல்லை, வளைவும் இல்லை. நண்டு தன் ஓட்டைச் சுண்ணாம்பால் இறுக்குகிறது, வினிகர் சுண்ணாம்பைத் தின்றுவிட்டது. பூச்சிகள் பெரும்பாலும் சுண்ணாம்பைப் பயன்படுத்துவதில்லை. (விதிவிலக்கு உண்டு: இலை வெட்டி எறும்பு ஒன்றின் ஓட்டில் மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கவசம் இருப்பதை 2020இல் கண்டறிந்தார்கள்.) நண்டு ஓட்டில் கடைசியில் மிஞ்சிய அந்த வளையும் சவ்வில் கைட்டினும் புரதமும் அப்படியே இருக்கின்றன. கைட்டின் இருந்தும் வளைகிறது.

இரண்டாவது, ஓடியேயின் சோதனை. 250 மில்லி தண்ணீரில் 10 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம் மட்டும். அலுமினியத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, திறந்தவெளி இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம். சமையலுக்குத் திரும்ப அந்தப் பாத்திரம் போகக் கூடாது. ஓட்டிறகுகளைப் போட்டு, பாத்திரத்தைக் கொதிநீருக்குள் வைத்துச் சில மணி நேரம் சூடாக்கினேன். கரைசல் பழுப்பாகும். அதைக் கொட்டிவிட்டுப் புதுக் கரைசல், திரும்பச் சூடு. பழுப்பு இறங்குவது குறையும் வரை இப்படி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கழுவி எடுத்தபோது ஓட்டிறகு அதே வடிவத்தில் இருந்தது. மேலே உள்ள புள்ளிக் குழிகள்கூட வரிசை மாறாமல் அப்படியே. நிறம் தேன் பழுப்புக்கு இறங்கியிருந்தது. இரண்டு விரலால் அழுத்தினால் மடிந்தது, விட்டால் மெதுவாக விரிந்தது. முன்னே இதையே நகத்தால் அழுத்தினால் நகம்தான் வலிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் சில நாட்கள் ஊறவிட்டதும் மிச்ச நிறமும் போய், கண்ணாடித் தாள் போன்ற ஒரு சவ்வு மிஞ்சியது. உலர்த்தி நிறுத்தால் எடையில் பாதிக்கும் மேல் காணவில்லை. போனது புரதமும் அதைக் கோத்திருந்த பிணைப்புகளும். கூடவே இறுக்கமும் போயிற்று.

அதற்காகக் கைட்டின் தேவையே இல்லை என்று ஆகிவிடாது. நெல்லில் புகையான் பூச்சிக்கு அடிக்கும் பூப்ரோபெசின் என்ற மருந்து கைட்டின் உண்டாவதைத்தான் தடுக்கிறது. மருந்து பட்ட குஞ்சு அடுத்த தோலுரிப்பில் சட்டைக்குள்ளேயே சிக்கிச் சாகிறது. தோலுரித்து முடித்த பெரிய பூச்சியை அது கொல்வதில்லை, அதனால்தான் அந்த மருந்தைக் குஞ்சுப் பருவத்தில் அடிக்கச் சொல்கிறார்கள். கைட்டின் இழை இழுவிசையைத் தாங்குகிறது, கிழியாமல் பிடித்துக்கொள்கிறது. அழுத்தினால் நசுங்காத குணம் பதப்பட்ட புரதத்துடையது.

கடைசியாக, மிஞ்சிய சவ்வின் ஒரு துண்டை வினிகரில் போட்டுப் பார்த்தேன். கரையவில்லை. கைட்டினிலிருந்து வேதிமுறையில் ஆக்கும் கைட்டோசான் என்ற பொருளாக மாறியிருந்தால் கரைந்திருக்கும். கைட்டோசான் ஆக்குவதற்கு 40, 50 சதவீதக் காரமும் அதிகச் சூடும் வேண்டும், அது வீட்டு முற்றத்தில் செய்கிற வேலை இல்லை, நான் செய்யப்போவதும் இல்லை. செய்து பார்க்கிறவர்கள் மீந்த காரக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல், நிறைய தண்ணீர் கலந்து, வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாவது நிற்கும் வரை நடுநிலைக்குக் கொண்டுவந்து கொட்டவும். உயிரோடு மிஞ்சும் வண்டுகளைத் தோப்பில் விட்டுவிடாதீர்கள். ஒன்று போனால் ஒரு குருத்து.